“இது எங்க மாமியே இல்ல”: காய்ச்சலோடு வந்த குழப்பமும் சந்தேகமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் வாட்டுக்கு வந்த 72 வயதுத் தாயார் ஒருவரைப் பற்றியது இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை ‘அம்மா’ என்றும், கூட்டிவந்தவரை ‘மருமகள்’ என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

இதில் அபூர்வமான நோய் எதுவும் கிடையாது. வயதானவர்களைப் பார்க்கும் எந்த வாட்டிலும் அடிக்கடி காண்கிற நிலைமைதான். ஆனால் நேற்றுவரை அடுப்பு மூட்டி, பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட ஒருவர் இன்றைக்குத் தேத்தண்ணிக் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு “என்னைக் கொல்லப் பாக்குறியா?” என்று கேட்டால் அந்த வீடு என்ன பாடுபடும் என்பது வாட்டில் நிற்கிற எங்களுக்கு முழுதாகத் தெரிவதில்லை. நோயாளியின் கதையோடு மருமகளின் கதையையும் சேர்த்து எழுதுவது அதற்காகத்தான்.

பின்னணி

அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பென்ஷனான பிறகும் கைக்காசுக்கு மலைக்குப் போய் வந்தவர். சீனி வருத்தமும் பிரஷரும் பல வருடமாக உண்டு. மாதா மாதம் கிளினிக் போவார். இரண்டு கண்ணிலும் வெண்புரை. சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் ஒரு காம்பராவில் அம்மாவும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும்.

நான் மருமகளிடம் முதலில் கேட்டது, “போன கிழமை இவங்க எப்படி இருந்தாங்க?” என்பதுதான். காலையில் நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுடுவார், பிள்ளைகளின் ஸ்கூல் சப்பாத்தைத் துடைத்து வைப்பார், கிளினிக் தேதியைப் புத்தகம் பார்க்காமலே சொல்வார், கடைக் கணக்கில் ஐந்து ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிப்பார் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் அழுதுவிட்டார். “டொக்டர், இது எங்க மாமியே இல்ல.”

வேறெந்தப் பரிசோதனைக்கும் முன்னால் எனக்குத் திசை காட்டியது இந்த வசனம். மறதி நோய் என்றால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகர்ந்து வரும். சாதாரணமாக இருந்தவர் மூன்றே நாளில் ஆளே மாறிப்போனால், உடம்பில் எங்கோ ஏதோ பெரிதாகக் கெட்டிருக்கிறது, மூளை அதைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறது என்று பொருள். மருத்துவத்தில் இதை டிலீரியம் என்கிறோம். தோட்டத்துப் பெரியவர்கள் ‘ஜன்னி கண்டிருச்சு’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

வீட்டில் நடந்தது

ஆனி மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த கிழமை. கக்கூஸ் லயத்தின் கடைசியில், பாசி பிடித்த படிகளுக்குக் கீழே. இருட்டில் வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அம்மா பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து வயதான பெண்களில் எத்தனை பேர் இப்படித் தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சிறுநீர் கடுத்தது. லேசாகக் காய்ச்சல், சளி. கடையில் பனடோலும், சளிக்குப் போடுகிற பிரிட்டனும் (Piriton) வாங்கினார்கள். பிரிட்டன் என்கிற அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையை அம்மா நாளுக்கு மூன்று போட்டார். வாய் கசந்ததால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கிளினிக் மருந்தை மட்டும் ஒரு நேரமும் விடவில்லை. பிரஷருக்குக் கொடுத்திருந்த நீர் மாத்திரையும், அதாவது சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரையும், அதற்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், செத்துப்போன தன் வீட்டுக்காரருக்குச் சோறு எடுத்து வைக்கச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிரவு அவர் கண்ணை மூடவில்லை. கூரைத் தகரத்தில் ஆள் நடக்கிறது என்றார். புதன்கிழமை காலை மருமகள் கொடுத்த தேத்தண்ணியை முகர்ந்து பார்த்து, “புல்லு மருந்து கலந்துட்டா” என்று வாசலில் கொட்டினார். புல்லு மருந்து என்றால் களைகொல்லி விஷம். அடையாள அட்டையையும் சேமலாபக் கடதாசிகளையும் சட்டைக்குள் செருகிக்கொண்டார். நடுச்சாமத்தில் மழைக்குள் இறங்கிப்போய்ப் பக்கத்து லயத்துக் கதவைத் தட்டி, “மருமக என்னைக் கொல்லப் போறா, உள்ள விடுங்க” என்று கும்பிட்டிருக்கிறார்.

லயத்தில் ஒரு பேச்சு ஒரு காம்பராவோடு நிற்காது. விடிவதற்குள் இருபது காம்பராவும் அறிந்துவிட்டது. சிலர் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். வேறு சிலர் மருமகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பூசாரி வந்து விபூதி போட்டு நூல் கட்டினார். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயந்துபோன குடும்பத்துக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் விபூதி பூசிய கையோடு ஓட்டோவையும் கூப்பிட வேண்டும். வியாழக்கிழமை வேறொரு இடத்தில் காட்டியபோது, தூக்கமில்லை என்ற முறைப்பாட்டை மட்டும் கேட்டுத் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அம்மா அன்றைக்குப் பகல் முழுதும் தூங்கினார். சத்தம் இல்லை, சண்டை இல்லை. “மாமிக்குக் கொஞ்சம் தேவலை” என்று வீடு மூச்சு விட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கத்துகிற, எழும்பி ஓடுகிற டிலீரியத்தை எல்லோரும் கவனிப்பார்கள். சுருண்டு படுத்து, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்கிற டிலீரியமும் உண்டு. அதை அசதி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டும் மாறி மாறி வரலாம். நோயின்போது குழம்பியிருந்த ஒருவர் திடீரென்று ‘நல்ல பிள்ளையாக’ அமைதியாகிவிட்டால், அவரைத் தட்டி எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அம்மாவை வெள்ளிக்கிழமை காலை எழுப்பவே முடியவில்லை. வியாழன் மத்தியானத்திலிருந்து சிறுநீரும் போகவில்லை. மருமகள் 1990க்கு அழைத்தார். சுவசரிய அம்பியூலன்ஸ் பெரிய ரோட்டுக்கு வந்து நிற்க, லயத்துப் பொடியன்கள் நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள்.

வாட்டில் கண்டது

வந்தபோது காய்ச்சல் 38.4 பாகை. நாடி நிமிடத்துக்கு 112. பிரஷர் 98/60. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்த சீனி 104. குழப்பத்தோடு வருகிற யாருக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சாப்பிடாமல் சீனி மாத்திரையை மட்டும் போடுகிறவர்களுக்கு சீனி கீழே இறங்கி இதே கோலம் வரும். அது நிமிடக் கணக்கில் சரிசெய்ய வேண்டிய விஷயம். அம்மாவுக்கு அது இல்லை.

டிலீரியத்தைக் கண்டுபிடிக்க 4ஏடி என்ற சின்னப் பரிசோதனை உண்டு. நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, வயது, பிறந்த தேதி, இடம், வருடம் சரியாகச் சொல்கிறாரா, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லக் கவனம் நிற்கிறதா, இந்த மாற்றம் திடீரென்று வந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும். மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டிலீரியமாக இருக்கலாம். மலையகத்தில் இதைச் செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். தோட்டத்தில் பிறந்த அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கு அடையாள அட்டையில் இருக்கிற பிறந்த தேதி, யாரோ உத்தேசமாக எழுதியது. அது தெரியாததற்குப் புள்ளி போடுவது நியாயமில்லை. நான் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் கேட்டேன். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். “ஞாயிறு, சனி…” என்று தொடங்கியவர், “கொழுந்து நிறுக்கிறாங்க, நான் போகணும்” என்று எழும்பப் பார்த்தார். கேள்வி அவரிடம் ஒரு கணம்கூடத் தங்கவில்லை. டிலீரியத்தின் அடிப்படைக் கோளாறு இந்தக் கவனச் சிதறல்தான். சந்தேகமும் மாயக் காட்சியும் அதன் மேல் ஏறி வருபவை.

வயிற்றைத் தொட்டால் தொப்புள்வரை கல்லுப்போல இருந்தது. குழாய் போட்டதும் 800 மில்லிலீற்றர் கலங்கல் சிறுநீர் வந்தது. அதில் சீழ்க்கலங்கள் நிறைய. பின்னர் அதில் ஈ. கோலை என்ற கிருமி வளர்ந்தது. இரத்தத்தில் சோடியம் 121. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நாலு நாளாக மலம் போகவில்லை.

காரணம் ஒன்றல்ல. சிறுநீர்த் தொற்று ஒரு பக்கம். தண்ணீர் குடிக்காதது ஒரு பக்கம். சாப்பாடு இல்லாத உடம்பில் நீர் மாத்திரை சோடியத்தை இழுத்துக்கொண்டு போனது. பிரிட்டன் சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றுவதைத் தடுத்ததோடு, மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தையும் தடுத்தது. இளம் ஆட்களுக்கு வெறும் தூக்கத்தை மட்டும் தருகிற மாத்திரை, வயதானவர்களுக்கு ஆளையே மாற்றிவிடலாம். கடைசியாகத் தூக்க மாத்திரை. வெண்புரை விழுந்த கண்ணும் மழை இருட்டும் முன்பே வழி திறந்து வைத்திருந்தன. அரைகுறையாகத் தெரிகிற உருவத்தை மூளை தன் பயத்தைக்கொண்டு பூர்த்தி செய்துவிடும்.

பக்கவாதத்தையும் தலைக்குள் இரத்தக் கசிவையும் மனதில் வைத்திருந்தோம். கை கால் பலவீனம் இல்லை, விழுந்த தடயமும் இல்லை. ஒரு நாளில் தேறாவிட்டால் ஸ்கேனுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தோம். ஆண் நோயாளி என்றால் இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்பேன்: குடிக்கிறவரா, கடைசியாக எப்போது குடித்தார்? கால் முறிந்து வந்து படுத்தவர் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தத் தொடங்குவது சாராயம் திடீரென்று நின்றதால் வருவது. அதற்கு வைத்தியமே வேறு. வெட்கப்பட்டு வீட்டார் மறைத்தால் ஆள் செத்தும் போகலாம்.

இரண்டாம் இரவு

தொற்றுக்கு இரத்த நாளம் வழியாக மருந்து தொடங்கினோம். நீர் மாத்திரை, பிரிட்டன், தூக்க மாத்திரை மூன்றையும் நிறுத்தினோம். சேலைன் மெதுவாகவே போனது. சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுக்கு மேல் ஏற விடக்கூடாது. அவசரப்பட்டால் மூளைக்கே சேதம் வரும்.

இரண்டாம் நாள் பகலில் அம்மா கொஞ்சம் தெளிந்தார், மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருட்டியதும் மறுபடி கலைந்தது. நான் வாட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, போர்வையின் நூலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசிக்கொண்டிருந்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறித்துக் கூடையில் போடுகிற அதே வேகம், அதே கணக்கு. போர்வையைப் பிய்ப்பது ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே எழுதிவைத்த அறிகுறி. அன்றைக்கு என் கண்ணில் பட்டது நாற்பது வருட உழைப்பு. இடையிடையே காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தார். அட்டை எதுவும் இருக்கவில்லை.

விடியற்காலை பெரிய கலவரம். தாதி ஒருவர் கையில் தாளை வைத்துக்கொண்டு மருந்துக்குப் பெயர் கூப்பிட்டபோது, அம்மா ஊசிக் குழாயைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒளியப் பார்த்தார். “என் பேரைக் கூப்பிடுறாங்க, கப்பல்ல ஏத்தப் போறாங்க, நான் போகமாட்டேன்.” தாதிக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான்.

மருமகளுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கங்கள் எண்ணிக்கை போட்டுப் பிரித்தன. அதில் பல வீடுகள் நடுவால் பிளந்தன. அம்மாவின் அண்ணன் குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போனது. அதன் பிறகு அம்மா அண்ணனைப் பார்க்கவேயில்லை. சீருடை போட்ட ஒருவர், கையில் ஒரு பட்டியல், புரியாத பாஷையில் தன் பெயர். அடையாள அட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவருக்கு வேறென்ன தோன்றும்?

அவரைக் கட்டிலோடு கட்டுவோமா என்ற கேள்வி வந்தது. நான் மறுத்தேன். கட்டினால் பயம் நிஜமாகிவிடும், கலவரம் கூடும், தோலும் சதையும் அடிபடும். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, கலவரத்தைத் தணிக்கிற ஹலோபெரிடோல் என்ற மருந்தை அரை மில்லிகிராம் ஒரே ஒரு தடவை கொடுத்தோம். பார்க்கின்சன் நோய் இருக்கிறவர்களுக்கு இந்த மருந்து கூடாது. உண்மையில் அவரை அடக்கியது வேறு. வாட்டுத் துப்புரவு வேலை செய்கிற தமிழ்ப் பெண்ணொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மாயி, இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு சனிக்கிழமை முடிஞ்சு ஞாயிறு விடியுது. கப்பல் ஒண்ணும் இல்ல. மருமக வெளியிலதான் இருக்கா” என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். கப்பல் இல்லை என்று ஒரு தடவைதான் சொன்னார். அதைப் பற்றி வாதாடவில்லை. மற்றதெல்லாம் இடம், நேரம், யார் கூட இருக்கிறார்கள் என்பது மட்டும்.

அதன் பிறகு மருமகள் இரவில் கூட இருக்க அனுமதி எடுத்தோம். கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றினோம். தலைமாட்டில் சின்ன வெளிச்சம். இரவு மருந்து நேரங்களைச் சேர்த்து, தூங்கும்போது எழுப்புவதைக் குறைத்தோம். சிறுநீர்க் குழாயை மூன்றாம் நாளே எடுத்தோம். குழாயே கலவரத்துக்கும் புதுத் தொற்றுக்கும் காரணமாகும். நாற்காலியில் உட்கார வைத்தோம், நடக்க வைத்தோம். இவை மனத்திருப்திக்காகச் செய்பவை அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஷரன் இனூயே குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இப்படியான எளிய பராமரிப்பு கிடைத்த வயதான நோயாளிகளில் 9.9 வீதமானோருக்கும் வழக்கமான பராமரிப்பில் 15 வீதமானோருக்கும் டிலீரியம் வந்தது. எங்கள் வாட்டுகளில் இதற்குப் பெரிய செலவில்லை. தமிழ் பேசுகிற ஒருவரை இரவில் கூட வைப்பதற்கு மனமும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

சாப்பாடுதான் சிக்கலாக இருந்தது. மருமகள் கொடுத்தால் வாயைத் திறக்கமாட்டார். உடைக்காத பிஸ்கட் பக்கற்றை அவர் கையில் கொடுத்தோம். தானே உடைத்துத் தின்றார். தேத்தண்ணியை இருவருக்கும் ஒரே பிளாஸ்கிலிருந்து அவர் கண் முன்னால் ஊற்றச் சொன்னோம். “விஷமில்லை, குடிங்க” என்று யாரும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் அரைக் கோப்பை குடித்தார்.

சோடியம் மூன்றாம் நாள் 128, ஐந்தாம் நாள் 133. ஐந்தாம் நாள் காலையில் கிழமைகளைப் பின்னாலிருந்து தடங்காமல் சொன்னார். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

சுகமான பிறகு

உடம்பு தேறியதோடு கதை முடிந்துவிடவில்லை. இரண்டு கிழமை கழித்து வந்தபோது, ஒரே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். டிலீரியம் வந்தவர்களில் பலருக்கு நடந்தது துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும். அம்மாவுக்கு புல்லு மருந்து ஞாபகம் இருந்தது, பக்கத்து லயத்துக் கதவைத் தட்டியதும் ஞாபகம் இருந்தது. வெட்கத்தில் மருமகள் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். மருமகள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசியபோது அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “மனசுல இல்லாதது வாயில வருமா டொக்டர்? இவ்வளவு நாளும் என்னைப் பத்தி இப்படித்தான் நெனச்சிருக்காங்களா?”

வரும் என்று சொன்னேன். நோயில் தடுமாறுகிற மூளை முதலில் பயப்படும். பயத்துக்கு ஒரு காரணம் தேடும். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ, யார் மருந்தும் தேத்தண்ணியும் கொடுக்கிறார்களோ அவர் மேல்தான் அது விழும். கொழும்பில் இருக்கிற மகன் மேல் விழாது. பார்த்துக்கொள்கிறவர் மேல் குற்றம் வருவதற்குக் காரணம் அவர் பார்த்துக்கொள்கிறார் என்பதுதான். தாதிமாரையும் வைத்தியர்களையும் கொலைகாரர்கள் என்று சொன்ன நோயாளிகளை நான் கண்டிருக்கிறேன். சுகமானதும் அவர்கள் அதே தாதிக்கு வீட்டுத் தோட்டத்துக் கரட்டைக் கொண்டுவந்து கொடுத்ததையும் கண்டிருக்கிறேன்.

பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டு, இருவரிடமும் சேர்த்து அதையே சொன்னேன்: சோடியம் எவ்வளவு குறைந்தது, எந்த மாத்திரை என்ன செய்தது, கப்பல் ஏன் வந்தது என்று. கப்பல் என்றதும் அம்மா அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மருமகள் அதுவரை கேட்டிராத விபரங்கள் அதில் இருந்தன. வெகுநேரம் பேசினார். நான் நிறுத்தவில்லை. லயத்தில் மருமகளைத் தப்பாகப் பேசியவர்களுக்கும் இது ஒரு வருத்தம் என்று தெரிய வேண்டும் என்பதால், தோட்டத்துக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி அயலாருக்கு விளக்கச் செய்தோம். நோயாளியின் கோப்பில் இதற்கெல்லாம் இடமில்லை. வைத்தியத்தில் இதுவும் பாதி என்று நான் நம்புகிறேன்.

பிரஷர் மருந்தை மாற்றினோம். கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினோம்: தொற்று வந்தால் குழப்பம் வரும், பிரிட்டன் கொடுக்க வேண்டாம், நீர் மாத்திரை வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். இரவுக்கு அறைக்குள் ஒரு பாத்திரம் வைக்கச் சொன்னோம், பின்னேரமும் தண்ணீர் குடிக்கலாம் என்பதற்காக. மூன்று மாதம் கழித்து ஞாபகசக்தியைச் சோதித்தோம். சின்னக் குறை ஒன்று இருந்தது. டிலீரியம் ஒரு தடவை வந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறோம். ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது.

“திரும்ப வருமா?” என்று மருமகள் கேட்டார். வரலாம், காய்ச்சல் வந்த அன்றைக்கே கூட்டி வாருங்கள், குழப்பம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றேன். கார்த்திகை மாதம் மறுபடி சிறுநீர் கடுத்துக் காய்ச்சல் வந்தது. அன்று மத்தியானமே கிளினிக் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். சோடியம் 136. கிழமைகளைப் பின்னாலிருந்து அம்மா பிழையின்றிச் சொன்னார். மாத்திரையோடு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினோம்.